பின்வாசலில் வைக்கும் செருப்பு

கேள்வி: பத்தாவது படிக்கும் என் மகள், பாடப் புத்தகத்துக்குள் ஒரு ஆங்கிலப் பேய் நாவலை ஒளித்து வைத்துப் படிக்கிறாள். அடித்து நொறுக்கும் அப்பாவிடமிருந்து ஒரு பெண் தப்பிக்கிற கதையாம். என் கணவர் குடித்தால் கை நீட்டுவார், மற்றபடி நல்லவர். இந்தப் புத்தகம் அவள் மனசைக் கெடுக்காதா? இப்போதெல்லாம் சொன்ன பேச்சும் கேட்பதில்லை. தம்பி செருப்பைக்கூட ராத்திரியில் பின்வாசலில்தான் கொண்டுபோய் வைக்கிறாள்.
– ஒரு தாய், குடியாத்தம்

பதில்: புத்தகம் கிடக்கட்டும். அந்தச் செருப்பு ஏன் பின்வாசலுக்குப் போகிறது என்று யோசித்தீர்களா? அப்பா குடித்துவிட்டு முன்வாசலில் வந்து நின்றால், தம்பியை எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுவது என்று அவள் முடிவு செய்து வைத்திருக்கிறாள். பத்தாவது படிக்கிற பிள்ளை அந்தக் கணக்கைப் போடுகிறது. நீங்கள் ‘மற்றபடி நல்லவர்’ என்று எழுதுகிறீர்கள். கோபம்தான் வருகிறது. தம்பியைக் காப்பது உங்கள் வேலை, அவள் வேலை இல்லை. புருஷன் மானமெல்லாம் அதற்குப் பிறகு.

நாவலைப் பிடுங்காதீர்கள். வீட்டில் யாரும் வாய் திறக்காத விஷயத்தை அது பேசுகிறது. கதையை அவளையே தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘அந்தப் பொண்ணு முதல்ல யார்கிட்ட சொன்னா?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ‘உங்கப்பா அப்படி இல்லடி’ என்று ஆரம்பித்தீர்களானால் அத்தோடு வாயை மூடிக்கொள்வாள்.

உங்கள் செருப்பையும் பின்வாசலிலேயே வையுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் நகல்களும் கொஞ்சம் பணமும் நம்பகமான வேறு வீட்டில் இருக்கட்டும். உங்கள் வீட்டில் பை கட்டி வைத்தால் அவர் கண்ணில் படும். அடிபட்டு அரசு மருத்துவமனைக்குப் போனால் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லாதீர்கள். நீங்கள் சொல்வதைத்தான் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். பிறகு கோர்ட்டில் அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும்.

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்குப் போய், மாவட்டச் சமூக நல அலுவலகத்தைக் கேட்டுப் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டப்படி அவர் அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். வீட்டை விட்டு நீங்கள்தான் போகவேண்டும் என்றில்லை. உங்கள் கணவரை வெளியேறச் சொல்லவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். ஆனால் புகார் கொடுக்கப்போவதை அவரிடம் கோபத்தில்கூட உளறிவிடாதீர்கள். அடி மோசமாவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

181 பெண்களுக்கான உதவி எண், உங்களுக்கு. 1098 குழந்தைகளுக்கான உதவி எண், மகளுக்கு; மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். அதில் அவளே பேசலாம், உங்கள் அனுமதிகூட வேண்டாம்.