கண்மாயில் கயாக் செலுத்திப் பறவை பார்ப்பது எப்படி?

மதுரை ஒத்தக்கடையைச் சேர்ந்த வாசகர் ஒருவர், காற்றடைக்கும் கயாக் (துடுப்பால் செலுத்தும் சிறு படகு) ஒன்றை வாங்கியிருப்பதாகவும், மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் கண்மாயில் இறங்கி நீர்ப்பறவைகளை அருகில் பார்க்க விரும்புவதாகவும் எழுதி, வழிமுறை கேட்டிருக்கிறார்.

முதலில் அனுமதி பெறுங்கள். பெரும்பாலான கண்மாய்கள் நீர்வளத் துறையிடமோ ஊராட்சியிடமோ இருக்கின்றன. மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடமும் சொல்லிவிட்டால், வலை எங்கே விரித்திருக்கிறது என்பதை அவரே காட்டிவிடுவார்.

நம் பகுதியில் நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால், பல கண்மாய்களில் கரை கிழக்கிலும் கரைக்கு எதிரே நீர் பரவி நிற்கும் ஆழமற்ற உள்வாய் மேற்கிலும் அமைந்திருக்கும். முக்குளிப்பானும் நீர்க்காகமும் ஆழத்தில் மூழ்கி மீன் பிடிக்க, நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் உள்வாயின் சேற்றில் இரை தேடும். ஆகவே கிழக்குக் கரையில் இறங்கி மேற்கே செல்லுங்கள். வெயில் உங்கள் முதுகில் விழுவதால் பறவைகளின் நிறம் தெளிவாகத் தெரியும். ஆனால் அந்த மாதங்களில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால், போகும்போது தள்ளிவிடும் காற்று திரும்பும்போது எதிர்க்கும். வெயில் ஏறக் காற்றும் வலுக்கும் என்பதால், அதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும்.

பறவையை நோக்கி நேராகச் செல்லாதீர்கள். துடுப்பைத் தாழ்த்திப் பிடித்து, சாய்வாக, இடையிடையே நின்று நகருங்கள். மேய்ந்துகொண்டிருந்த வாத்துகள் தலையை நிமிர்த்தினாலோ, நாமக்கோழிகள் கூட்டமாக விலகி நீந்தினாலோ, அதுதான் எல்லை. அவ்விடத்திலேயே துடுப்பை மடியில் வைத்துக் காத்திருங்கள். என் அனுபவத்தில், அசையாத படகைப் பறவைகள் விரைவில் ஏற்றுக்கொள்கின்றன. அவையே நெருங்கி வருவதும் உண்டு. வலசை வந்த ஊசிவால் வாத்தை வீணாகப் பறக்கவிடுவது, நெடும்பயணத்துக்காக அது சேர்த்துவைக்கும் கொழுப்பைக் கரைப்பதாகும்.

நீரில் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டியிருந்தால் அந்தப் பக்கமே செல்ல வேண்டாம். தாய்ப்பறவை எழுந்துவிட்டால், குஞ்சுகளை வெயிலும் காகங்களும் விட்டுவைப்பதில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கூட்டைக் குலைப்பதையும் வேட்டை என்றே கருதுகிறது.

அந்தக் கருவேலமே உங்கள் படகுக்கும் ஆபத்து. மூழ்கிக் கிடக்கும் முள் காற்றறையைக் கிழித்துவிடலாம். உயிர்காப்பு அங்கியை அணிந்தே இறங்குங்கள். திறந்திருக்கும் மடையையும், தண்ணீர் வழியும் கலுங்கையும் விட்டு விலகியே இருங்கள். உள்வாய்ச் சேற்றில் ஆள் புதைந்துவிடும் என்பதால், படகு தரைதட்டினாலும் கீழே கால் வைக்காமல் துடுப்பால் ஊன்றிப் பின்வாங்குங்கள்.