டென்ட் கேம்பில் குளிர்கால வேலை: மூணாறு எஸ்டேட்டிலிருந்து எழுதிய ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

ப்ளஸ் டூ முடித்தும் இந்த ஆண்டு கல்லூரியில் இடம் அமையாமல் வீட்டிலிருக்கும் உங்கள் மகன், நவம்பர் முதல் பிப்ரவரி வரை சூரியநெல்லிப் பக்கம் உள்ள டென்ட் கேம்பில் வேலைக்குப் போகிறேன் என்று பிடிவாதமாக இருப்பதாகவும், அனுப்புவதா தடுப்பதா என்று தெரியாமல் தவிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். “லயத்தை (எஸ்டேட் வரிசை வீட்டை) விட்டு வெளியேறட்டும் என்றுதான் படிக்க வைத்தேன், அங்கே போய்த் தட்டு கழுவினால் பிறகு எங்கே படிப்பான்?” என்ற உங்கள் கேள்வியை நான் பலமுறை படித்தேன். தம்பியை அனுப்பலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் அவன் இரவில் எங்கே படுக்கப் போகிறான் என்பதை நீங்கள் நேரில் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். அடுத்த ஆண்டுப் படிப்புக்கான விண்ணப்பம் இந்த நான்கு மாதங்களில் தவறிவிடக் கூடாது.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் காலையில் மஸ்டருக்குப் போய்ப் பெயர் கொடுத்துக் கொழுந்து எடுத்து, நிறுவை முடிந்ததும் வீடு திரும்புவதைப் போல, அதற்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது. கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்களின் ஜீப் விடியும் முன்பே, பெரும்பாலும் நான்கு மணியளவில், கிளம்பிவிடும். அதற்குள் கட்டன் சாயா (பாலில்லாத தேநீர்) போட்டு, கூடாரம் கூடாரமாகக் குரல் கொடுத்து எழுப்பி, டார்ச் வெளிச்சத்தில் ஆட்களை எண்ணி ஏற்றிவிட வேண்டும். அவர்கள் திரும்புவதற்குள் காலைச் சாப்பாடு. இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அரிசியும் பருப்பும் வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும்; கீழே தேனியிலோ போடியிலோ சமைத்துப் பழகியவர்கள் முதல் வாரம் இதில்தான் தடுமாறுவார்கள். கெஸ்ட் கிளம்பிய பிறகு கழிப்பறை கழுவுவதும், குப்பை பிரிப்பதும், ஸ்லீப்பிங் பேக்குகளை வெயிலில் விரிப்பதும் நடக்கும். பிற்பகலில் அடுத்த கூட்டம் வந்துவிடும். கேம்ப் ஃபயர் அணைந்து பாத்திரம் கழுவி முடிக்கப் பதினொரு மணி தாண்டும்.

இவற்றில் ஸ்லீப்பிங் பேக் காயப்போடும் வேலையை அற்பமாக நினைத்துவிடாதீர்கள். இரவு முழுவதும் உள்ளே தூங்குகிறவர்களின் மூச்சுக்காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த கூடாரத் துணியின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். விடிந்ததும் யாராவது ஜிப்பை இழுத்தால் அத்தனையும் படுக்கையின் மேல் உதிரும். அந்த ஈரம் காயாமல் சுருட்டி வைத்த படுக்கை மறுநாள் இரவு சூடு தராது. துணியை உதறி, உட்புறத்தை வெளியே திருப்பி, பதினொரு மணி வெயிலில் போட்டு, மூடுபனி ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பதை ஒருவர் சொல்லித் தராமலே செய்யக் கற்றுக்கொண்ட பையனை நான் எந்த ஹோட்டல் படிப்புக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். நாளை வரப்போகிறவரின் அசௌகரியத்தை இன்றே யோசிக்கிற பழக்கம் அது.

ஜனவரிக் குளிரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கங்களில் வெப்பநிலை பூஜ்யத்துக்கு இறங்கி, உறைபனியில் கொழுந்து கருகிப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தக் குளிரில் நான் அதிகம் அஞ்சுவது ஒன்றே ஒன்றுதான்: கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ கதவடைத்த அறைக்குள்ளோ வைத்துக்கொண்டு தூங்குவது. நெருப்பில் எரிந்து மிஞ்சும் கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்வதால், தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடுவார். புகை வரவில்லையே, வெறும் கங்குதானே என்றுதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கெஸ்ட் கேட்டாலும், முதலாளியே சொன்னாலும், கங்கு உள்ளே போகக் கூடாது என்பதைத் தம்பியிடம் நீங்களே உங்கள் வாயால் சொல்லி அனுப்புங்கள்.

யானையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சின்னக்கானல், சூரியநெல்லிப் பகுதி யானை நடமாடும் நிலம் என்பதும், ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்று பழகிய அரிக்கொம்பன் யானையை 2023 ஏப்ரலில் அங்கிருந்துதான் பிடித்து இடம் மாற்றினார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே கேம்பில் அரிசி மூட்டையும் காய்கறிக் கழிவும் எங்கே வைக்கப்படுகின்றன என்று கேளுங்கள். சமையலறைக் கழிவைக் கூடாரத்துக்குப் பின்னால் கொட்டுகிற இடமாக இருந்தால், வேறு எந்த வசதி இருந்தாலும் வேண்டாம்.

இனி, நேரில் போய்ப் பார்ப்பது பற்றி. கெஸ்ட்டுகளின் கூடாரத்தைக் காட்டுவார்கள். அது நன்றாகத்தான் இருக்கும். பணியாளர் படுக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தரையிலிருந்து உயர்ந்த கட்டில் இருக்கிறதா, ஒருவருக்கு எத்தனை கம்பளி, வெந்நீர் அவர்களுக்கும் உண்டா, ஈரத் துணி காயப்போட இடம் இருக்கிறதா என்று பார்த்தாலே, அந்த இடத்தை நடத்துகிறவரின் மனம் தெரிந்துவிடும். அவசரத்துக்கு இரவில் வண்டி நிற்குமா, செல்போன் சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

சம்பளத்தைத் தாளில் எழுதி வாங்குவது பற்றி நான் சற்று அழுத்தமாகவே சொல்வேன். எனக்குப் பத்தொன்பது வயதில் இதே மலையில் ஒரு முகாமில் ஒரு குளிர்காலம் முழுக்கச் சமையலறை உதவியாளாக இருந்தேன். வாய்ப்பேச்சில்தான் எல்லாம். கடைசி மாதச் சம்பளத்தைக் கேட்டபோது, உடைந்த கண்ணாடித் தம்ளர்கள், தங்கியது, தின்றது என்று ஒவ்வொன்றாகக் கழித்து, பஸ்ஸுக்கு மட்டும் கையில் கொடுத்தார்கள். உழைத்ததற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லாததால், எங்கே போய் யாரிடம் முறையிடுவது என்றே தெரியாமல் வீடு திரும்பினேன். அந்த வலியோடுதான் இதை எழுதுகிறேன்: மாதச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் பிடித்தம் உண்டா, டிப்ஸ் எப்படிப் பிரிக்கப்படும் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், பணம் வங்கிக் கணக்கில் வரட்டும். கேரளத்தின் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பையும் வார விடுமுறையையும் வகுத்திருக்கிறது. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான நாட்களில் இந்த நேரக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை என்பதை நான் அறிவேன். என்றாலும் அந்த வாரம் கூடுதலாக உழைத்ததற்கு என்ன தருவார்கள் என்று முன்கூட்டியே கேட்கிற உரிமை தம்பிக்கு உண்டு. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறிய கேம்புகளுக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு பொதுவாகப் பொருந்தாது. பதினெட்டு முடிந்துவிட்டது என்பதால், அவனுடைய வங்கிக் கணக்கில் பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா விபத்துக் காப்பீட்டைச் சேர்த்துவிடுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய்தான், விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால் 2 லட்சம் ரூபாய்.

இந்த வேலை அவனுக்கு என்ன தரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மதுரையிலிருந்து வருகிறவரிடம் தமிழிலும், கொச்சியிலிருந்து வருகிறவரிடம் மலையாளத்திலும் தடையின்றிப் பேசுவது எல்லையோர எஸ்டேட் பிள்ளைகளுக்கு இயல்பாகவே வாய்த்த செல்வம். அதை ஒரு தகுதியாக நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. நான்கு மாதம் பலதரப்பட்ட மனிதர்களோடு பழகினால் ஆங்கிலமும் கொஞ்சம் இந்தியும் வாயில் படியும். பிப்ரவரி பிறந்ததும் வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்துக்காக இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடுவார்கள், பள்ளித் தேர்வுகளும் நெருங்கிவிடும், கூட்டம் குறையும். அப்போது “கோடை விடுமுறை வரை இரு” என்பார்கள். அதன் பிறகு மழைக்காலம் வந்து வேலையே நின்றுவிடும். இப்படிச் சீசனுக்குச் சீசன் என்று மூன்று ஆண்டுகளைக் கழித்துவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பயம் நியாயமானது என்று நான் கருதுவது இந்த இடத்தில்தான்.

கோவளம், திருச்சி துவாக்குடி, சென்னை தரமணி ஆகிய இடங்களிலுள்ள ஹோட்டல் மேலாண்மை நிறுவனங்களில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேர என்.சி.ஹெச்.எம். ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கான விண்ணப்பம் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே, அதாவது அவன் சிக்னல் இல்லாத மலையில் இருக்கும்போதே, வந்து போய்விடுகிறது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். ப்ளஸ் டூவில் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்துத் தேறியிருக்க வேண்டும். தமிழ் வழியில் படித்த பிள்ளை என்பதால் இப்போதிருந்தே நாளுக்கு அரை மணி நேரம் பழைய வினாத்தாள்களைப் பார்ப்பது நல்லது. அந்தத் தேர்வு கைகூடாவிட்டாலும், தொடுபுழா உட்படக் கேரளத்தின் பல ஊர்களில் இயங்கும் அரசு ஃபுட் கிராஃப்ட் இன்ஸ்டிட்யூட்டுகளில் குறைந்த செலவில் சமையல், உணவு பரிமாறுதல் போன்ற குறுகிய காலப் படிப்புகள் உண்டு. மலையேற்றத்தின் மேல்தான் மனம் என்றால் உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் 28 நாள் அடிப்படைப் பயிற்சியைப் பிறகு யோசிக்கலாம். அதற்கு முன்பாக ரெட் கிராஸ் அமைப்பு நடத்தும் முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்று கையிலிருந்தால் எந்தக் கேம்பிலும் அவனுக்கு மதிப்பு கூடும்.

ஆகவே வேலையில் சேரும் நாளிலேயே, மாதத்துக்கு ஒரு முறை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுப்பு வேண்டும் என்று சொல்லி அதையும் அந்தத் தாளில் எழுதச் சொல்லுங்கள். அந்த நாட்களில் மூணாறுக்கு இறங்கி வந்து அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இணையச் சேவை மையம்) விண்ணப்ப அறிவிப்பு வந்துவிட்டதா என்று பார்க்கட்டும். சான்றிதழ்களின் அசலை எக்காரணம் கொண்டும் கேம்பில் கொடுக்க வேண்டாம்; நகல் போதும். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை இருவரும் கேம்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அங்கே எழுதிக் கொடுத்த தாளின் நகலை எனக்கு அனுப்புங்கள். படித்துப் பார்த்து, கையெழுத்திடுவதற்கு முன் எதைத் திருத்தச் சொல்லலாம் என்று உடனே எழுதுகிறேன்.