ஜாஸும் மேற்கத்திய செவ்வியலும் கலந்த வானொலி நிகழ்ச்சியில் உருப்படிகளை எந்த வரிசையில் வைப்பது?

அமெரிக்கப் பல்கலைக்கழக எஃப்எம், வாரம் ஒரு மணி நேரம், "ஒரு ஜாஸ், ஒரு கிளாசிக்கல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் போதுமா?" என்பது உங்கள் கேள்வி. போதாது. மூன்றாவது உருப்படி வருவதற்குள் கேட்பவர் கணக்கைப் பிடித்துவிடுவார். பிறகு தனக்குப் பிடிக்காத பாதி வரும்போதெல்லாம் அடுப்படிக்கு எழுந்து போய்விடுவார்.

"இரண்டையும் கலக்கவே கூடாது" என்று பின்னூட்டத்தில் யாராவது வருவார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செவ்வியலில் ரவெலும் ஸ்ட்ராவின்ஸ்கியும், ஜாஸில் எலிங்டனும் யாரையும் கேட்டுக்கொண்டு கலக்கவில்லை. நாமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் கலப்பதற்கு வேலை இருக்கிறது. அந்த வேலை பெரும்பாலும் உருப்படியின் நடுவில் இல்லை, அதன் இரண்டு முனைகளில் இருக்கிறது. பூத்தொடுப்பவருக்கு இதழ் எவ்வளவு அழகாக இருந்தாலும் விரல் தேடுவது காம்பைத்தான்.

எனவே பட்டியல் போடும் முன் ஒரு நோட்டு வையுங்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் முதல் 20 விநாடியையும் கடைசி 20 விநாடியையும் மட்டும் கேட்டு எழுதுங்கள்: எந்த வாத்தியம் தொடங்குகிறது, சத்தமாகவா மெதுவாகவா, ஆதார சுருதி எது. முடிவு வெட்டி நிற்கிறதா, தானாக அடங்குகிறதா, ஃபேட்-அவுட்டா (வாசித்துக்கொண்டிருக்கும்போதே பதிவின் ஒலியைக் குறைத்து மறைப்பது), கைதட்டலா. முடிந்தபின் கோப்பில் எத்தனை விநாடி மௌனம். மோனோவா ஸ்டீரியோவா. நீளத்தை அட்டையிலிருந்து எடுக்காதீர்கள், உங்களிடம் உள்ள கோப்பில் பாருங்கள். 40 உருப்படிக்கு இப்படி எழுதினால் வரிசை பாதி தானாகவே கிடைக்கும்.

சுருதி ஏன் முக்கியம் என்று கர்நாடகக் காதோடு வருபவர்களுக்குச் சொல்ல வேண்டும். நம் கச்சேரியில் தம்புரா மாலை முழுக்க ஒரே ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ராகம் மாறினாலும் காது தரையிலேயே நிற்கும். இங்கே ஒவ்வொரு உருப்படியும் தன் சொந்த ஸாவைக் கையோடு கொண்டுவருகிறது. ஒரே ஸா, அல்லது ஸாவிலிருந்து பஞ்சமம் என்றால் இடைவெளி இல்லாமலே ஒட்டும். அரை ஸ்வரம் தள்ளி வந்தால், அடுத்ததை யாரோ தப்பாக வாசிக்கிறார்கள் என்றே தோன்றும். அதற்கு மருந்து நான்கைந்து விநாடி மௌனம், அல்லது பேச்சு. 20 விநாடி பேசினால் முந்தைய சுருதி பெரும்பாலும் மறந்துபோகும். "சாதாரண ரசிகருக்கு இதெல்லாம் தெரியாது" என்பார்கள். பெயர் தெரியாது, இடறுவது தெரியும்.

நல்ல மூட்டுக்கு ஓர் உதாரணம். பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் ஸாட்டியின் 'முதல் ஜிம்னோபெடி' என்ற பியானோ உருப்படி (1888) டி என்ற ஸ்வரத்தை ஸாவாக வைத்து டி மேஜரில் நடந்து, கடைசியில் எதிர்பாராமல் டி மைனரில் போய் நிற்கிறது. ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'ஸோ வாட்' (1959) டி டோரியனில், அதாவது அதே டி-யில் மைனரை ஒத்த ஒரு ஸ்வர வரிசையில், அமைந்தது. அதன் தொடக்கமும் தாளமில்லாத, பியானோவும் பாஸும் மட்டும் தயங்கித் தயங்கி நகரும் பகுதி. ஸாட்டி அடங்கி இரண்டு விநாடியில் இதைத் தொடங்கினால், எது முடிந்தது எது ஆரம்பித்தது என்று கேட்பவர் ஒரு கணம் தடுமாறுவார். பாஸ் அந்தப் புகழ்பெற்ற மெட்டைக் கேள்வி கேட்பதுபோல் வாசித்த பிறகுதான் விஷயம் புரியும். இடையில் வாயைத் திறக்காதீர்கள்.

ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது. 'ஸோ வாட்' இடம்பெற்ற 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தின் முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் பதிவானபோது டேப் இயந்திரம் மெதுவாக ஓடியது. அதனால் பழைய வெளியீடுகளில் அவை கொஞ்சம் வேகமாகவும் சுருதி கூடியும் ஒலிக்கும். 1990களில் வந்த மறுவெளியீடுகளில்தான் இது திருத்தப்பட்டது. நிலைய நூலகத்தில் உள்ள பழைய எல்பி இசைத்தட்டிலிருந்து எடுத்தால் ஸாட்டிக்குப் பின் அது கால் ஸ்வரம் தூக்கி நிற்கும். மூட்டு கெட்டது. இதற்கு நேர் எதிரான சிக்கல் பழங்கால வாத்தியக் குழுக்களின் பாக் பதிவுகளில்: அவர்கள் பெரும்பாலும் ஏ = 415 (ஏ என்ற ஸ்வரத்துக்கு நொடிக்கு 415 அதிர்வு) என்று சுருதி வைப்பார்கள், இன்றைய 440-ஐவிட ஏறத்தாழ அரை ஸ்வரம் கீழே. அட்டையில் 'சி மேஜர்' என்றிருக்கும், காதில் பி மேஜர் விழும். தலைப்பை நம்பாதீர்கள். போனில் ஒரு ட்யூனர் செயலி போதும்.

ஃபேட்-அவுட்டில் முடியும் ஜாஸ் உருப்படிக்குப் பின் எது வேண்டுமானாலும் வரலாம். ஆனால் ஃபேடின் கடைசி பத்து விநாடியைக் காத்துக்கொண்டிருக்காதீர்கள், அதற்குள் பேசத் தொடங்குங்கள். அதுபோல டிரம் மட்டும் தொடங்கும் உருப்படிகள் தங்கம். டிரம்முக்குச் சுருதிச் சண்டை இல்லை. டேவ் ப்ரூபெக் ஜாஸ் குழுவின் 'டேக் ஃபைவ்' அப்படித்தான் தொடங்குகிறது. சேராத இரண்டு உருப்படிக்கு நடுவே போட இப்படி ஐந்தாறு தொடக்கங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

வேகத்தில் பெரிய வித்தியாசம் பிரச்சினை இல்லை. சின்ன வித்தியாசம்தான் பிரச்சினை. நிமிடத்துக்கு 112 துடிப்புக்குப் பின் 118 வந்தால் படியில் கால் தவறியதுபோல் இருக்கும். ஒரே வேகம், பாதி, இரட்டிப்பு, அல்லது தெளிவாக வேறு. ஸ்டீரியோவுக்குப் பின் மோனோ வந்தால் அறை சுருங்கும், நடுவில் பேசிவிடுங்கள், உங்கள் குரலும் மோனோதான். டிஜிட்டல் மௌனத்திலிருந்து 1950களின் டேப் இரைச்சலுக்குள் நேரே விழக் கூடாது. பழைய பதிவின் ஃபேடரை (ஒலியை ஏற்றி இறக்கும் பிடியை) இசை தொடங்க இரண்டு விநாடி முன்பே மெல்லத் திறந்து, அந்த இரைச்சலைக் காதுக்குப் பழக்குங்கள்.

ஒரு மணி நேரத்தைக் கட்டிக் காட்டுகிறேன். பியானோவும் பாரிஸும் கொஞ்சம் அதிகம், என் சாய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிலைய அடையாளம், முகமன் 50 விநாடி. டெபுஸியின் 'கோலிவாக்ஸ் கேக்வாக்' (1908), 2:50. தொடக்கமே துள்ளல் என்பதால் காரில் இருப்பவரும் பிடித்துக்கொள்வார். அந்தத் தலைப்பிலுள்ள பொம்மை கறுப்பினத்தவரைக் கேலிசெய்யும் உருவம், அதை மைக்கில் ஒரு வரியில் சொல்லிவிடுவது மரியாதை. அது படாரென்று முடியும். இரண்டு விநாடி விட்டு, ரவெலின் வயலின் சொனாட்டாவில் 'ப்ளூஸ்' என்ற இரண்டாம் மூவ்மென்ட் (படைப்பின் ஒரு பகுதி), 5:30. வயலின் தந்தியை விரலால் சுண்டித் தொடங்குகிறது. மெதுவான சத்தம்தான், ஆனால் சுண்டும் ஒலிக்குக் கூர்மை உண்டு, சாலை இரைச்சலிலும் கேட்கும். பேச்சு 1:15. ஸாட்டி 3:20, ஒட்டி 'ஸோ வாட்' 9:20. இப்போது 23:05. பேச்சு 1:25.

நடுவில் பெரியது: டாரியுஸ் மியோவின் 'லா க்ரேயாசியோன் து மோந்த்' (1923), பதிவைப் பொறுத்து 16:30 அளவு. பெயரைப் பார்த்து 'மில்ஹாட்' என்று சொல்லிவைக்காதீர்கள். 1922-இல் ஹார்லெமில் ஜாஸைக் கேட்டுவிட்டுப் போய் எழுதிய பாலே இசை. வயோலா இருக்க வேண்டிய இடத்தில் ஆல்டோ சாக்ஸஃபோனை உட்கார வைத்திருக்கிறார். நீளமான உருப்படி எப்போதும் 20-ஆம் நிமிடத்துக்குப் பின் வர வேண்டும். முதலில் வைத்தால் நடுவில் ட்யூன் செய்து வருபவருக்குக் கால்மணி நேரம் இது என்னவென்றே தெரியாது.

பேச்சு 1:00. டேவ் ப்ரூபெக் இதே மியோவிடம் மில்ஸ் கல்லூரியில் படித்தவர், மகனுக்கு டாரியுஸ் என்றே பெயர் வைத்தவர். அதைச் சொல்லிவிட்டு 'டேக் ஃபைவ்', 5:25. ஆனால் அதை எழுதியவர் சாக்ஸ் வாசித்த பால் டெஸ்மண்ட். சொல்லாவிட்டால் தொலைபேசி அடிக்கும், நியாயமாகவே அடிக்கும். கடிகாரம் 47:25. சின்னப் பேச்சு 35 விநாடி. பாகின் சி மேஜர் ப்ரெல்யூட், அவர் படைப்புப் பட்டியலில் 846 எண், 2:15. உடனே பில் எவன்ஸின் 'பீஸ் பீஸ்' (1958), 6:40, இதுவும் சி-யிலேயே, இரண்டே கார்டுகளில் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டங்களில்) இடது கை ஆடும் தாலாட்டு. இரண்டும் தனிப் பியானோ என்பதால் பாகுக்கு எதிரொலி குறைந்த, அதே காலத்து அனலாக் பதிவைத் தேடுங்கள். தேவாலய எதிரொலியிலிருந்து ஸ்டுடியோ அறைக்குள் வந்தால் பியானோ சுருங்கிப்போனதுபோல் இருக்கும். 56:55. மீதியைக் கடைசியில் சொல்கிறேன்.

பெயர் ஒற்றுமையை வைத்துக் கட்டும் வரிசைகளை நான் நம்புவதில்லை. மொஸார்ட்டின் 'துருக்கி ரோண்டோ'வுக்குப் பின் ப்ரூபெக்கின் 'ப்ளூ ரோண்டோ ஆ லா துர்க்' வைப்பவர்கள் ஏராளம். ப்ரூபெக் அந்தத் தாளத்தை எடுத்தது இஸ்தான்புல் தெருவில் வாசித்தவர்களிடமிருந்து. 9 துடிப்பை 2+2+2+3 என்று பிரிக்கும் தாளம் அது, மொஸார்ட்டோ 2/4. அட்டையில் மட்டும்தான் உறவு. மூலமும் மறுவடிவமும் அடுத்தடுத்து வைப்பதானால் (சைகோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்', 1960-இல் எலிங்டனும் ஸ்ட்ரேஹார்னும் செய்தது) ஜாஸை முதலில் போடுங்கள். மூலத்தை முதலில் போட்டால் பள்ளிப் பாடம். ஒரு நிகழ்ச்சியில் ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

இனி வரிசையைக் கெடுக்கும் இயந்திரங்கள். ஒலிபரப்புச் சங்கிலியின் முடிவில் ஒரு பிராசஸர் இருக்கும். மெதுவான இடத்தைத் தூக்கும், சத்தமான இடத்தை அமுக்கும். 'பொலேரோ'வை அதில் விட்டால் கால்மணி நேர ஏற்றம் தட்டையாகிவிடும். தொடக்க டிரம்மே முழு ஆர்கெஸ்ட்ரா அளவுக்கு வந்து நிற்கும். உங்கள் மணி நேரத்துக்கு மட்டும் இலகுவான அமைப்பு வைக்க முடியுமா என்று என்ஜினீயரிடம் கேளுங்கள். பல கருவிகளில் நேரம் வைத்து மாற்றும் வசதி உண்டு. அடுத்தது மௌனம் கண்டுபிடிக்கும் கருவி. குறித்த அளவுக்குக் கீழே 15, 20 விநாடி போனால் நிலையம் செத்துவிட்டதாக நினைத்து அவசரகாலக் கோப்பைத் தட்டிவிடும். மாலரின் முதல் சிம்பொனியின் தொடக்கம் இதற்கு ஏற்ற பலி. உங்கள் நிலையத்தில் எத்தனை டெசிபெல், எத்தனை விநாடி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாக் கோப்பையும் −23 லஃப்ஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் அலகு) என்று ஒரே அளவுக்குக் கொண்டுவருவது நல்ல தொடக்கம். அதோடு நிறுத்தினால் தனிக் கிட்டார் ஆர்கெஸ்ட்ரா அளவுக்குப் பெரிதாக நிற்கும். தனி வாத்தியங்களை மூன்று, நான்கு டெசிபெல் கீழே இறக்குங்கள். தானியங்கி மென்பொருள், சத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் அடுத்ததைத் தொடங்கிவிடும். பியானோவின் கடைசி அதிர்வு அங்கேதான் வெட்டுப்படுகிறது. செவ்வியல் உருப்படிக்கெல்லாம், அடுத்ததைத் தொடங்கச் சொல்லும் அந்தக் குறியைக் கையால் நகர்த்தி வையுங்கள்.

ஒரு மூவ்மென்டை மட்டும் பிய்த்து எடுக்கும்போது எல்லையைக் கேட்டுப் பாருங்கள். மெண்டல்சனின் இ மைனர் வயலின் கான்செர்ட்டோவில் முதல் மூவ்மென்ட் முடியும்போது ஒரு பசூன் (தாழ்ந்த குரல் கொண்ட மரக்குழல்) ஒற்றை ஸ்வரத்தைப் பிடித்தபடி இரண்டாவதற்குள் நடந்து போகிறது. இரண்டாவதை மட்டும் போட்டால் அந்தப் பசூன் வழிதவறியதுபோல் தனியாக நிற்கும். பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியில் மூன்றாம், நான்காம் மூவ்மென்ட்கள் ஒரே மூச்சு, பிரிக்க முடியாது.

இணையத்திலும் ஒலிபரப்பினால் அமெரிக்கச் சட்டப்படி மூன்று மணி நேரத்துக்குள் ஒரே ஆல்பத்திலிருந்து 3 ட்ராக், அதிலும் தொடர்ச்சியாக 2-தான். ஒரே கலைஞரென்றால் 4, தொடர்ச்சியாக 3. பாப் பாட்டை மனதில் வைத்து எழுதிய விதி. நான்கு மூவ்மென்ட் சிம்பொனி, குறுந்தகட்டில் நான்கு ட்ராக், அதற்கு என்ன செய்வது? உங்கள் நிலையத்துக்கு விலக்கு இருக்கிறதா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள், நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

கேள்விக்குத் தொடர்பில்லாதது, ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை. ட்ராக் பெயர் 'அலெக்ரோ', கலைஞர் 'பலர்' என்று கோப்பைக் கொடுக்கும் விநியோகஸ்தர்களை என்ன செய்வது? மென்பொருளில் 'பாடகர்', 'பாட்டு' என இரண்டே கட்டம். இசையமைப்பாளர், படைப்பு, மூவ்மென்ட், நடத்துநர், குழு, தனி வாத்தியக்காரர் எல்லாரும் அந்த இரண்டு கட்டத்துக்குள் குடித்தனம் நடத்த வேண்டும். ஜாஸிலோ பக்கவாத்தியக்காரர்களுக்குக் கட்டமே கிடையாது. உருப்படியை நூலகத்தில் ஏற்றும்போதே நீங்கள் முழுப் பெயரையும் தட்டச்சு செய்துவிடுவதுதான் வழி. சலிப்பான வேலைதான். செய்யாவிட்டால் நேரலையில் அட்டையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இனி அந்தக் கடைசி மூன்று நிமிடம். 56:55-இல் 'பீஸ் பீஸ்' முடிகிறது, விடைபெறும் பேச்சு 50 விநாடி, மிச்சம் 2:15. இதை நிரப்ப ஃபேட்-அவுட் இல்லாத, தெளிவான கார்டில் முடியும், சத்தம் ஏறி இறங்காத சிறிய ஜாஸ் மூவர் உருப்படி ஒன்றை எப்போதும் வைத்திருங்கள். நான்கு நிமிட நீளம் என்றால் ஃபேடரை மூடியபடியே 55:50-க்கு ஓட விடுங்கள். ஒலிபரப்பில் எவன்ஸ் இன்னும் வாசித்துக்கொண்டிருப்பார். பேச்சு முடியும் தறுவாயில் ஃபேடரைக் குரலுக்குக் கீழே மெல்லத் திறவுங்கள். எந்த இடத்தில் நுழைந்தாலும் அது 59:50-க்குத் தன் கார்டில் தானே முடியும், நிலைய அடையாளத்துக்குப் பத்து விநாடி கையில் இருக்கும். அந்த ஃபேடர் மூடியிருக்கிறதா என்று மட்டும் இரண்டு முறை பாருங்கள். திறந்திருந்தால் 'பீஸ் பீஸ்' மேல் இன்னொரு பியானோ ஏறி உட்காரும்.