குளிக்கும்போது குழந்தை அழுவதுபோல் கேட்பது ஏன்?

ஷவரைத் திறந்தால் குழந்தை அழுவதுபோல் கேட்கிறது, ஓடிப்போய்ப் பார்த்தால் தூங்குகிறது, காதில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் காதில் ஒன்றும் இருக்காது.

சிங்கப்பூரில், ஈசூனில் உள்ள எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டிலும் இதேதான். மகள் பிறந்த புதிதில் தலையில் ஷாம்பு நுரையோடு எத்தனையோ முறை ஓடிவந்திருக்கிறேன். தண்ணீர் இரைச்சலில் அழுகையை ஒத்த துணுக்கு ஏதாவது எப்போதும் இருக்கும். எவ்வளவு ஒத்திருந்தால் ‘அழுகை’ என்று எடுத்துக்கொள்வது? மூளை அதற்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. உண்மையான அழுகையைத் தவறவிடக் கூடாது என்ற பயத்தில் பெற்றோர் அந்தக் கோட்டைக் கீழே இறக்கிவிடுகிறோம். தவறவிடுவது குறையும், பொய் எச்சரிக்கை கூடும்.

இதுதான் சமிக்ஞை கண்டறிதல் கோட்பாடு. ரேடார் ஆய்வுகளிலிருந்து வளர்ந்த இதை 1954இல் ஆய்வாளர்கள் டேனரும் ஸ்வெட்ஸும் பார்வைப் புலனுக்குப் பொருத்திக் காட்டினார்கள். கோடு வேறு, பிரித்தறியும் திறன் வேறு என்பதே இதன் அழகு. அந்தத் திறனுக்கு டி-பிரைம் என்று பெயர். அழுதபோது 90% ‘அழுகை’ என்கிறீர்கள், அழாதபோதும் 90% அப்படியே என்றால், டி-பிரைம் பூஜ்யம்!

சரி, என்ன செய்யலாம்? தண்ணீரைக் குறைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். இரைச்சல் குறைந்தால் டி-பிரைம் கூடும்.