பைதனில் டீக் ஏன் சிம்பிள், கவுண்டர் ஏன் கெப்பிட்டல்?

கேள்வி: கலெக்ஷன்ஸ் மொடியூலில் கவுண்டர், ஓடர்ட்டிக்ட் என்ற கிளாஸ் பெயர்கள் எல்லாம் கெப்பிட்டல் எழுத்தில் தொடங்குகின்றன. டீக், டிஃபோல்ட்டிக்ட் மட்டும் ஏன் சிம்பிள் எழுத்தில்? சி மொழியில் எழுதியதாலா?

"சி-யில் எழுதினது சிம்பிள், பைதனில் எழுதினது கெப்பிட்டல்" என்றுதான் நானும் மட்டக்களப்பு கல்லடியில் உயர்தர ஐசிடி பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு பிள்ளை, "அப்ப ஸ்ட்ரிங்ஐஓ, சேர்?" என்று கேட்டாள். அதுவும் சி-தான், ஆனால் கெப்பிட்டல். டெசிமல் இன்னும் மோசம். 2.4 பதிப்பில் பைதனிலேயே எழுதப்பட்டு வந்தது, 3.3 இல் சி-க்கு மாறியது, பெயர் அப்படியே. ஓடர்ட்டிக்ட்டும் 3.5 இல் அதே கதைதான். கல்லடியில் 2013 இல் புதுப்பாலம் திறந்தும் நாங்கள் கல்லடிப் பாலம் என்றுதானே சொல்கிறோம்! பெயரை மாற்றினால் அதை நம்பி எழுதின கோட் எல்லாம் உடையும்.

ஆனாலும் என் பிழையான விதிக்கு ஒரு வேர் இருந்தது. 2001 கடைசியில் 2.2 வரும்வரை, சி-யில் எழுதிய டைப் வேறு, நாம் எழுதும் கிளாஸ் வேறு. இன்ட் என்பது அப்போது எண்ணாக மாற்றித் தரும் வெறும் ஃபங்ஷன். 2.2 இல் அதுவே டைப் ஆனது, சிம்பிள் எழுத்தோடேயே. இன்ட், லிஸ்ட், டிக்ட்டைப் பார்த்துப் பழகின கை, 2.3 இல் டேட்டைம், 2.4 இல் டீக், 2.5 இல் டிஃபோல்ட்டிக்ட் என்று அதே வாசனையில் பெயர் வைத்துவிட்டது. டேட்டைம் மொடியூலுக்குள் டேட்டைம் என்றே ஒரு கிளாஸ். எத்தனை பிள்ளைகள் அதில் விழுந்திருக்கிறார்கள்!

பைதன் கோட் எழுதும் பாணிக்கான வழிகாட்டி, பெப் 8, இதற்கு இடம் கொடுக்கிறது: கிளாஸ் என்றால் பொதுவாகக் கெப்பிட்டல், ஃபங்ஷன் போலக் கூப்பிடத்தான் பெரும்பாலும் பயன்படும் என்றால் சிம்பிளும் சரி. பைதன் நூலகத்தின் பெயரிடல் கொஞ்சம் குழப்பம்தான் என்று அதிலேயே ஒப்புக்கொண்டும் இருக்கிறார்கள்.

நீங்கள் எழுதும் கிளாஸுக்குக் கெப்பிட்டலே வையுங்கள், சி-யில் எழுதினாலும். அப்புறம் ஒன்று: எடிட்டர் சிலவேளை கெப்பிட்டல் டீக்கை நீட்டும். அது டைப்பிங் மொடியூலில் இருப்பது, டைப் குறிப்புக்கான பழைய பெயர். 3.9 இலிருந்து அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள், எடுக்காதீர்கள்.