பர்னர் மாற்றினேன், டிரைவையே காணோம்!

கேள்வி: பழைய விண்டோஸ் எக்ஸ்பி லேப்டாப்பில் சிடி டிரைவைக் கழற்றிவிட்டு டிவிடி பர்னர் (டிஸ்க்கில் எழுதும் டிரைவ்) போட்டேன், நன்றாக எழுதியது. இன்னொரு பர்னிங் மென்பொருளை நிறுவிய பிறகு மை கம்ப்யூட்டரில் டிரைவ் இல்லை, டிவைஸ் மேனேஜரில் கோட் 39 (டிரைவர் மென்பொருளை ஏற்ற முடியவில்லை என்ற பிழை). டிரைவ் போய்விட்டதா?

பதில்: அவசரப்பட்டு டிரைவை மாற்றாதீர்கள். கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயாஸில் அது தெரிந்து, கணினியைத் தொடங்க வைக்கும் பூட் சிடியும் ஓடினால் வன்பொருளில் பெரும்பாலும் கோளாறில்லை. பர்னிங் மென்பொருள்கள் டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவே தங்கள் ஃபில்டர் டிரைவரை (இடையில் நின்று வேலை செய்யும் சிறு மென்பொருள்) செருகிக்கொள்ளும், இரண்டு மென்பொருளும் ஒரே இடத்துக்கு முட்டிக்கொண்டாலோ ஒன்றை அரைகுறையாக நீக்கினாலோ இந்தக் கோட் 39 வரும். பென் டிரைவ் போல டிஸ்க்கில் கோப்புகளை இழுத்துப் போட வைக்கும் பாக்கெட் ரைட்டிங் வசதிதான் இதில் அதிகம் தொல்லை கொடுக்கும், அது இரண்டு இருக்கவே கூடாது.

முதலில் இரண்டு மென்பொருளையும் நீக்குங்கள். அப்புறம் ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) கட்டாயம் பேக்கப் எடுத்துவிட்டு, அதன் கன்ட்ரோல், கிளாஸ் பகுதியில் 4டி36இ965 என்று தொடங்கும் கீயைத் திறந்து, அதிலுள்ள அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகளை மட்டும் அழித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம்! டிரைவ் திரும்பியதும் ஒரே ஒரு மென்பொருளை நிறுவிக்கொண்டால் போதும்.