கிரியேட்டிவ் டைரக்டர் மாறினால் யாருடைய வேலை ஆடும்?

அம்மா,

உங்கள் மகள் ஃபேஷன் டிசைன் மூன்றாம் ஆண்டில் இருக்கிறாள், மிலான் அல்லது பாரீஸில் மேற்படிப்பு வேண்டும் என்கிறாள். நீங்களோ, "தலைமையில் இருக்கும் கிரியேட்டிவ் டைரக்டரையே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தூக்கிவிடுகிறார்களே, இதை நம்பி வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் செய்தியில் அடிபடும் நாற்காலி வேறு, உங்கள் மகள் முதல் பத்து வருஷம் உட்காரப்போகும் நாற்காலி வேறு.

நீங்கள் படித்த செய்தி இத்தாலிய ஆடம்பர நிறுவனமான கூச்சியைப் பற்றியது. அங்கே நடந்தது இதுதான். 2015 ஜனவரியில் அலெஸ்ஸாந்த்ரோ மிக்கேலே கிரியேட்டிவ் டைரக்டர் ஆனார். அந்த ஆண்டு சுமார் 390 கோடி யூரோவாக இருந்த விற்பனை 2022-இல் 1,049 கோடி யூரோவைத் தொட்டது. அப்படிப்பட்டவரே 2022 நவம்பரில் வெளியேறினார். 2023 ஜனவரியில் சபாத்தோ டி சார்னோ வந்தார். 2024-இல் விற்பனை 765 கோடிக்கு இறங்கியது. 2025 பிப்ரவரி 6 அன்று அவரும் போனார். மார்ச்சில் பலென்சியாகா என்ற இன்னொரு ஃபேஷன் நிறுவனத்திலிருந்து டெம்னா என்ற டிசைனர் வருகிறார் என்று அறிவித்தார்கள். மறுநாளே தாய் நிறுவனமான கெரிங்கின் பங்கு 10 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. டெம்னா அதுவரை ஒரு சட்டைகூட அங்கே வடிவமைக்கவில்லை!

விற்பனை இறங்கியதற்கு டி சார்னோவின் கை மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். சீனாவில் ஆடம்பரப் பொருள் வாங்குவது அந்த ஆண்டுகளில் மந்தமானது, பைகளின் விலையும் தாறுமாறாக ஏறியிருந்தது. ஆனால் சந்தைக்கு ஏதாவது முகம் மாற்றிக் காட்ட வேண்டுமே, அதனால் அந்த நாற்காலிதான் முதலில் மாறும். கிரிக்கெட்டில் அணி தோற்றால் கேப்டனை மாற்றுவதுபோல.

சரி, அந்த நாற்காலிக்காரரின் வேலைதான் என்ன? அவர் துணி வெட்டுவதில்லை, தைப்பதில்லை. ஒரு சீசனின் கதை என்ன, நிறம் என்ன, ஷோ எங்கே, விளம்பரப் படத்தில் யார், கடையின் தோற்றம் எப்படி என்பதைத் தீர்மானிப்பார். பெண்கள் உடையில் மட்டும் வசந்தம்-கோடை, இலையுதிர்-குளிர், இடையில் ப்ரீ-ஃபால், குரூஸ் என்று வருடத்துக்கு நான்கு தொகுப்பு. ஆண்கள் உடை தனி. இதற்காக அவருக்குக் கீழே பல அடுக்குகளில் ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

நாற்காலி மாறும்போது முதலில் ஆடுவது அவருக்குப் பக்கத்து அடுக்கு. புதியவர் தனக்குப் பழகிய சிலரைக் கூட்டிக்கொண்டுதான் வருவார். ஸ்டைலிஸ்ட், தலைமை டிசைனர், துணி அச்சு வடிவமைப்பாளர், ஆராய்ச்சி உதவியாளர் போன்றவர்களின் மேசைகள்தான் கைமாறும். அதற்கு அடுத்த அடுக்கில் இருக்கும் ஜூனியர் டிசைனர்களில் பாதிப்பேர் தங்கலாம், பாதிப்பேர் போகலாம். கான்ட்ராக்ட்டில் இருப்பவர்களுக்குப் புதுப்பிப்பு வராது, அவ்வளவுதான். யாரும் கூப்பிட்டு "போ" என்று சொல்லக்கூட மாட்டார்கள்.

கீழே வரவர ஆட்டம் குறைகிறது. பேட்டர்ன் மாஸ்டர் (துணியை வெட்ட வேண்டிய வடிவத்தைத் தாளில் தயாரிப்பவர், இத்தாலியில் மொடெல்லிஸ்டா என்பார்கள்), சாம்பிள் தைக்கும் கூடமான அட்லியே, ப்ராடக்ட் டெவலப்மென்ட், மெர்ச்சண்டைசிங், தரச் சோதனை, உற்பத்தி ஆகிய பகுதிகளில் பெரும்பாலும் அதே ஆட்கள் தொடர்வார்கள். கூச்சியின் விற்பனையில் சுமார் பாதி தோல் பொருட்கள். மூங்கில் கைப்பிடிப் பை 1947-இல் வந்தது, குதிரைக் கடிவாளக் கொக்கி வைத்த லோஃபர் 1953-இல். எந்த டைரக்டர் வந்தாலும் அந்தப் பையின் அளவையோ நிறத்தையோ மாற்றுவாரே தவிர, பையை நிறுத்த மாட்டார். ஃபிளாரன்ஸுக்கு அருகே 2018-இல் திறந்த கூச்சி ஆர்ட்லேபில் 37,000 சதுர மீட்டரில் பை, செருப்பு மாதிரிகளைச் செய்து சோதிக்கிறார்கள். அந்தத் திறமை உள்ளவருக்கு டைரக்டர் யார் என்பது இரண்டாம் பட்சம்.

பாரீஸின் ஷானெல் நிறுவனம் இன்னும் தெளிவான உதாரணம். 2024 ஜூனில் அதன் கிரியேட்டிவ் டைரக்டர் விர்ஜினி வியார் வெளியேறினார். அடுத்தவரான மத்தியூ பிளாசியின் பெயர் டிசம்பரில்தான் வந்தது, அவருடைய முதல் ஷோ 2025 அக்டோபரில். நடுவில் 16 மாதம். அந்தக் காலத்தில் ஷோக்கள் நின்றனவா? இல்லை. எல்லாவற்றையும் உள்ளே இருக்கும் டிசைன் குழுவான ஸ்டூடியோவே செய்து முடித்தது. டி சார்னோ போன மூன்றாவது வாரம் மிலானில் நடந்த கூச்சி ஷோவும் அப்படித்தான். மகளுக்கு நீங்கள் பார்க்க வேண்டிய வேலை அந்தப் பெயர் தெரியாத ஸ்டூடியோவில் இருக்கிறது.

அந்த வியார் 1987-இல் ஷானெலுக்குள் இன்டர்னாக நுழைந்தவர், எம்பிராய்டரி வேலை பார்த்தவர். தலைமைக்கு வந்தது 2019-இல். மிக்கேலே கூச்சியில் 13 வருஷம் உள்ளே வேலை பார்த்த பிறகே பெயர் வெளியே வந்தது. டி சார்னோ படித்தது மிலானில் பேட்டர்ன் கட்டிங்குக்குப் பெயர்போன செகோலி பள்ளியில். உங்கள் மகளிடம் இதை மட்டும் ஒருமுறை சொல்லுங்கள். டைரக்டர் ஆவது எப்படி என்று அவள் கேட்டால், பேட்டர்ன் மேசையிலிருந்து தொடங்குவதும் ஒரு வழி என்று.

இனி போர்ட்ஃபோலியோ. நீங்கள் அனுப்பிய பிடிஎஃப்பில் 46 பக்கம். அதில் முப்பதுக்கு மேல் மூட் போர்டுகளும் (படங்களையும் துணிகளையும் ஒட்டிய பக்கங்கள்) ஓவியங்களும். பூப்போட்ட ஜாக்கெட், கழுத்தில் பெரிய ரிப்பன் முடிச்சு போட்ட பிளவுஸ், பாட்டி காலத்துக் கண்ணாடி... மிக்கேலே கூச்சியில் செய்ததையே அவள் திரும்ப வரைந்திருக்கிறாள். அவர் 2024-லேயே வாலெண்டினோவுக்குப் போய்விட்டார். இப்போது இதைக் கூச்சிக்கு அனுப்பினால் பழைய ஆளின் நகல், வாலெண்டினோவுக்கு அனுப்பினால் அசலே அங்கே உட்கார்ந்திருக்கிறார். டைரக்டர் மாற்றத்தில் மாணவர்கள் அடிபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிடித்த ஒருவரின் கையெழுத்தைத் தன் கையெழுத்தாகப் பழகிவிடுகிறார்கள்.

திருத்துவது கஷ்டமில்லை. மூன்று ப்ராஜெக்ட் போதும், 25 பக்கத்துக்குள், மெயிலில் போகும்படி 10 எம்பிக்குள். ஒவ்வொன்றிலும் ஆராய்ச்சி இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அதன்பிறகு டம்மியில் மஸ்லின் துணி போட்டு டிரேப் செய்த (மடித்து, ஊசி குத்தி வடிவம் கொடுத்த) புகைப்படம் வேண்டும், சரியாக விழாத முதல் முயற்சியோடு சேர்த்து. பிறகு ஃபிளாட் டிராயிங் (உடையைத் தட்டையாக விரித்ததுபோன்ற கோட்டுப் படம்), பேட்டர்ன் துண்டுகள், ஆறிலிருந்து எட்டு உடைகளின் வரிசை, தைத்து முடித்த உடையின் முன், பின், உள்பக்கப் படம். உள்பக்கம் முக்கியம். பார்க்கத் தெரிந்தவர் முதலில் தையல் விளிம்பைத்தான் பார்ப்பார்.

ஒரு ப்ராஜெக்ட்டுக்காவது முழு டெக்பேக் (தைப்பவருக்குக் கொடுக்கும் அளவு, தையல் விவரக் குறிப்பு) இருக்கட்டும். சாதாரணச் சட்டைதான் என்றாலும் காலர் முனை எத்தனை செ.மீ., அங்குலத்துக்கு எத்தனை தையல், தையல் விளிம்பு 1 செ.மீ.யா 0.7-ஆ, பட்டன் 18 லைனா (அதாவது 11.4 மி.மீ.), மார்பளவில் எத்தனை மி.மீ. வித்தியாசம் வரை ஏற்கலாம் என எல்லாம் எழுதியிருக்க வேண்டும். அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. டிராயிங்கில் யோக் (தோள்பட்டைத் துண்டு முடியும் தையல் கோடு) தோளிலிருந்து 8 செ.மீ. கீழே இருக்கும், தைத்த சட்டையின் படத்தில் 11-இல் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க மிலான்காரருக்கு அரை நிமிஷம் போதும். அதற்குப் பிறகு மீதிப் பக்கங்களைப் புரட்ட மாட்டார். இந்த டெக்பேக் வேலையை அவள் திருப்பூரில் ஏதாவது ஏற்றுமதி நிறுவனத்தின் சாம்பிள் பிரிவில் ஆறு வாரம் உட்கார்ந்தால் கற்றுக்கொள்ளலாம். ப்ரோட்டோ, ஃபிட் சாம்பிள், சைஸ் செட், ஷிப்மென்ட் சாம்பிள் என்று ஒரே உடை நான்கு முறை எப்படி மாறுகிறது என்பதைக் கண்ணால் பார்ப்பாள். "அங்கே டீ-ஷர்ட்தானே" என்று அவள் முகம் சுளிப்பாள், தெரியும். அளவுப் பட்டியலுக்கு டீ-ஷர்ட்டும் தெரியாது, கூச்சியும் தெரியாது.

எம்பிராய்டரியில் ஆசை இருந்தால் சென்னையிலேயே பார்க்க ஒன்று உண்டு. ஷானெல் 2002-இல் வாங்கிய லெசாஜ் எம்பிராய்டரி நிறுவனத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ழான்-ஃபிரான்சுவா லெசாஜ் 1990-களில் சென்னைக்கு வந்து வஸ்த்ரகலா என்ற எம்பிராய்டரி கூடத்தைத் தொடங்கினார். 2023 மார்ச்சில் டியோர் மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன் ஷோ நடத்தியபோது, எம்பிராய்டரி செய்தது மும்பையின் சாணக்யா கைவினைக் கூடம். அந்த ஷோவின் டைரக்டர் மரியா கிராசியா கியூரி 2025-இல் டியோரை விட்டுப் போய்விட்டார். எம்பிராய்டரி தெரிந்தவருக்கும் டைரக்டர் யார் என்பது இரண்டாம் பட்சம்தான்.

பணம் கட்டுவதற்கு முன் சில விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். இத்தாலியில் தனியார் பள்ளிகள் "மாஸ்டர்" என்று விற்கும் எல்லாப் படிப்பும் நம் ஊர் முதுகலைக்குச் சமமில்லை. அங்கே இரண்டு வருஷ முதுகலைப் பட்டத்தின் பெயர் லாவ்ரேயா மஜிஸ்த்ராலே. "மாஸ்டர்" என்பது பெரும்பாலும் ஒரு வருஷச் சான்றிதழ். பிரான்ஸிலும் தனியார் பட்டப் பெயர்கள் இதேபோல் குழப்பும். படிப்பு முடிந்து அந்த நாட்டில் வேலை தேடத் தங்குவதற்கான அனுமதி, பட்டம் அரசு அங்கீகாரம் பெற்றதா என்பதோடு பின்னிக் கிடக்கிறது. ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார்.

பிரான்ஸில் இன்டர்ன்ஷிப் செய்ய, பள்ளி, நிறுவனம், மாணவர் மூவரும் கையெழுத்திட்ட ஸ்டாஜ் ஒப்பந்தம் வேண்டும். அதாவது அவள் ஏதாவது ஒரு பள்ளியில் பதிவான மாணவியாக இருந்தால்தான் முடியும். ஒரு கல்வியாண்டில் ஒரே இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. இரண்டு மாதத்தைத் தாண்டினால் உதவித்தொகை கட்டாயம், ஆனால் அது பாரீஸ் வாடகைக்குக்கூடக் காணாது. படிப்பு முடிந்தபிறகு "இன்டர்னாகச் சேர்கிறேன்" என்றால் நிறுவனமே மறுத்துவிடும். அதனால் ஆறு மாத இன்டர்ன்ஷிப்பை எந்த செமஸ்டரில் வைத்திருக்கிறார்கள் என்று பாடத்திட்டத்தில் பாருங்கள்.

எந்த நிறுவனத்தில் சேர்வது என்பதற்கு டைரக்டர் செய்தி உதவும். பழையவர் போய்ப் புதியவர் வராத மாதங்களில் சாம்பிள்கள் பாதியில் கிடப்பில் போகும், ஒப்புதல் தர ஆள் இருக்காது. இன்டர்னை வேலையில் எடுப்பது நடக்காது. புதியவரின் முதல் ஷோ முடிந்தபிறகு அவர் அணியைக் கட்டும் காலம்தான் நல்ல நேரம். வேலை கிடைத்தாலும் ஒப்பந்தத்தில் சோதனைக் காலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரான்ஸில் நிரந்தர வேலை என்றாலும் அதிகாரி நிலைப் பணிக்கு நான்கு மாதம், ஒருமுறை நீட்டித்தால் எட்டு. அதற்குள் டைரக்டர் மாறினால் காரணம் சொல்லாமலே முடித்துவிடலாம்.

மொழியை இப்போதே தொடங்கட்டும். ஸ்டூடியோவில் ஆங்கிலம் ஓடும், அட்லியேவில் ஓடாது. தோளில் அரை செ.மீ. எடுங்கள் என்று தையல்காரம்மாவிடம் சொல்ல இத்தாலியனோ பிரெஞ்சோ வேண்டும்.

கல்லூரிக்கு நீங்களே ஒரு மெயில் போடுங்கள். இந்தப் பட்டம் அரசு அங்கீகாரம் பெற்ற முதுகலையா, அதன் சட்டப் பெயர் என்ன? இன்டர்ன்ஷிப் பாடத்திட்டத்துக்குள் இருக்கிறதா, எத்தனை மாதம், எந்த செமஸ்டர்? கடந்த இரண்டு ஆண்டுகளில் ஐரோப்பியர் அல்லாத மாணவர்களில் எத்தனை பேர் எந்தப் பதவியில் வேலைக்குச் சேர்ந்தார்கள்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம். வந்த பதிலையும், 25 பக்கமாகக் குறைத்த போர்ட்ஃபோலியோவையும் சேர்த்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.